களைப்பறியாத இயந்திரமும் களைத்துப்போன குரலும்



இசை என்றதும் நாம் இனிமையை எதிர்பார்க்கிறோம். மனதிற்கு அமைதி தருவதே நல்ல இசை என்பது நம்மில் பலருடைய எண்ணம். ஆனால் கேட்பவரை உலுக்குவதற்காகவே உருவான இசை வகைகளும் உண்டு. அவற்றுள் ஒன்று 'இண்டஸ்ட்ரியல் மெட்டல்'. இளையோர் இதைக் கேட்கும்போது, "இதற்குப் பெயர் பாட்டா? வெறும் இரைச்சல்" என்று பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. அந்த இரைச்சல் எங்கிருந்து வந்தது, அது என்ன சொல்ல வருகிறது என்பதை அறிய, இவ்வகை இசைக்கு வழிவகுத்த குழுக்களுள் ஒன்றான 'காட்ஃபிளெஷ்' குழுவைப் பற்றி இன்று சிந்திப்போம்.

ஆலைகளின் நகரம்

காட்ஃபிளெஷ் பிறந்த இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம். தலைமுறை தலைமுறையாக உலோகத் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. ஹெவி மெட்டல் இசையின் முன்னோடியான 'பிளாக் சாபத்' குழுவும் அந்த ஊரில்தான் தோன்றியது. அக்குழுவின் கித்தார் கலைஞர் டோனி அயோமி, தம் 17ஆம் வயதில் உலோகத் தகடு ஆலையொன்றில் வேலை செய்தபோது, இயந்திரத்தில் சிக்கி வலது கையின் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், தந்திகளை அழுத்துவதற்கு அவருக்கு அந்த விரல்கள்தான் தேவைப்பட்டன. அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்துகொண்டார். நாளடைவில் தந்திகளின் இறுக்கத்தையும் தளர்த்தி வாசித்தார். அதனால் சுருதி தாழ்ந்து, ஒலி கனத்தது. இயந்திரம் காயப்படுத்திய ஒரு தொழிலாளியின் கைக்கும் அந்தக் கனத்த ஒலிக்கும் இத்தகைய தொடர்பு இருக்கிறது.

மறுபுறம், 1976ஆம் ஆண்டு இலண்டனில் 'திராபிங் கிரிசில்' என்ற குழுவினர் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஒலிநாடாக்கள், மின்னணுக் கருவிகள், இரைச்சல்கள் ஆகியவற்றையே அவர்கள் இசைக்கு மூலப்பொருளாக்கினர். 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயர் இசை உலகில் பரவியது இவர்களால்தான். இந்த இரண்டு ஓடைகளும் 1980களின் இறுதியில் பர்மிங்காமில் ஒன்று கலந்தன.

இந்த இசை அமைந்துள்ள விதம்

ஜஸ்டின் பிராட்ரிக், ஜி. சி. கிரீன் என்ற இருவரும் 1988ஆம் ஆண்டு காட்ஃபிளெஷைத் தொடங்கினர். இதற்கு முன் இருவரும் சேர்ந்திருந்த குழுவில் பிராட்ரிக் டிரம்ஸ் வாசித்தவர். புதிய குழுவில் அவர் கித்தாரையும் பாடுவதையும் ஏற்றுக்கொண்டார். காலியான டிரம்ஸ் கலைஞரின் இடத்தில் வேறொரு மனிதரை அமர்த்தாமல், தாள இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். அவர்களது இசையின் தன்மையைத் தீர்மானித்தது இந்த ஒரு முடிவே.

1989ஆம் ஆண்டு வெளிவந்த அவர்களது 'ஸ்ட்ரீட்கிளீனர்' தொகுப்பைக் கேட்டால் இது விளங்கும். தாளம் மெதுவாக, சம்மட்டி அடிபோல விழுகிறது. மனிதர் வாசிக்கும் தாளத்தில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். உணர்ச்சி மிகும்போது வேகம் கூடும், கை ஓயும்போது தளரும். இயந்திரத் தாளத்தில் இவை எதுவும் இல்லை. முதல் அடியும் ஆயிரமாவது அடியும் ஒன்றே. அதன்மேல் கிரீனின் பேஸ் கித்தார், அரவை ஆலைபோல உறுமிக்கொண்டு பாட்டை முன்னே இழுத்துச் செல்கிறது. பிராட்ரிக்கின் கித்தார் பல இடங்களில் இராகம் வாசிப்பதில்லை. இரும்போடு இரும்பு உரசுவதுபோலக் கிறீச்சிடுகிறது. இவற்றுக்கு அடியிலிருந்து ஒரு மனிதக் குரல் எழுகிறது. அது சில சொற்களையே திரும்பத் திரும்பக் கத்துகிறது, பின்பு அமிழ்ந்து போகிறது.

ஓயாத இயந்திரத்தின் நடுவே ஓய்ந்துபோகும் மனிதன்: இந்த இசையின் உள்ளடக்கம் இதுதான். பாடல் வரிகள் புரியாவிட்டாலும் ஒலியின் அமைப்பே அதைச் சொல்லிவிடுகிறது.

மனிதர் வந்தார், இயந்திரம் திரும்பியது

1996ஆம் ஆண்டின் தொகுப்பில் முதன்முறையாக ஒரு மனிதர் டிரம்ஸ் வாசித்தார். 1999இல் மீண்டும் இயந்திரம். 2001இல் வெளியான 'ஹிம்ஸ்' தொகுப்பில் மீண்டும் ஒரு மனிதர். அதன்பின் கிரீன் விலகினார். 2002ஆம் ஆண்டு பிராட்ரிக் மனமுடைந்து, இசைப் பயணத்திற்குப் புறப்பட இயலாத நிலைக்கு ஆளானார். குழுவும் கலைந்தது. அவரது இசை ஓயாமல் சொல்லிவந்தது அவரது வாழ்விலேயே நடந்துவிட்டது. 2010ஆம் ஆண்டு இருவரும் மீண்டும் இணைந்தபோது தாள இயந்திரத்தையே உடன் அழைத்து வந்தனர். 2014, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தொகுப்புகளிலும் அதுவே ஒலிக்கிறது. இயந்திரத்தை நீக்கிவிட்டால், அதனோடு போராடும் குரலுக்கும் பொருள் குறைந்துவிடும் அல்லவா?

பெயரைக் கேட்டு...

காட்ஃபிளெஷ் என்றால் 'கடவுளின் சதை'. கிறிஸ்தவர்களாகிய நம் காதுக்கு இது உறுத்தலாக இருக்கலாம். முதல் தொகுப்பின் அட்டையில், தீயின் நடுவே சிலுவைகளில் மனித உருவங்கள் காட்சியளிக்கின்றன. இது 1980ஆம் ஆண்டின் 'ஆல்டர்டு ஸ்டேட்ஸ்' திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்ட படம். பெயருக்குப் பிராட்ரிக் தந்த விளக்கம் இதுதான்: கடவுள் என்ற சொல் அளவிட முடியாத ஒன்றைக் குறிக்கிறது, சதை என்பது உடலால் உணரப்படுவதைக் குறிக்கிறது. இது நம் விசுவாச அறிக்கை அல்ல. அப்படி ஆக்கிக்கொள்ளவும் தேவையில்லை. ஆயினும் உடலின் வலியைப் பொருட்டாக எண்ணும் எவரையும், மனுவுருவான இறைவனை நம்பும் நாம் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது.

இக்குழு தோன்றுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1981இல், புனித இரண்டாம் ஜான் பால், உழைப்பைப் பற்றிய தம் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' சுற்றுமடலில் இதே கேள்வியை எழுப்பினார். தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணை. ஆனால் அது மனிதனின் இடத்தைப் பறித்து, அவனைத் தனக்கு அடிமையாக்கும்போது பகையாகிவிடும் என்று அவர் எச்சரித்தார். திருத்தந்தை சிந்தனையால் சொன்னதை, ஆலைகளின் நகரத்து இளைஞர் இருவர் ஒலியால் உணர்த்தினர்.

இந்த இசையில் ஆறுதல் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் திருப்பாடல்களிலும் 88ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை தன் செபத்திலிருந்து நீக்கிவிடவில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. 'ஹிம்ஸ்' தொகுப்பின் கடைசிப் பாடலின் பெயர் 'ஜேசு'. குழு கலைந்தபின் பிராட்ரிக் தொடங்கிய புதிய இசை முயற்சிக்கும் அதே பெயரைச் சூட்டினார். இலத்தீன் மொழியில் அது 'இயேசுவே' என்று விளிக்கும் சொல். அவர் மனமாறினார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். ஆனால் அந்த இசை மாறியிருப்பதைக் கேட்கலாம். கனம் குறையவில்லை, அதன்மேல் நீண்ட, ஒளி பொருந்திய மெட்டுகள் வருகின்றன. முன்பு கத்திய குரல் இங்கே மெல்லப் பாடுகிறது.

அன்புக்குரியவர்களே, உங்கள் மகனோ மகளோ இத்தகைய இசையைக் கேட்டால், ஒலியைக் குறைக்கச் சொல்வதற்கு முன், அருகே அமர்ந்து ஒரு பாட்டைக் கேளுங்கள். "இதில் உனக்கு எது பிடித்திருக்கிறது?" என்று வினவுங்கள். பாட்டைப் பற்றித் தொடங்கும் பேச்சு, அவர்கள் சுமந்துகொண்டிருக்கும் பாரத்தைப் பற்றிய பேச்சாக மாறக்கூடும். அப்போது செவிகொடுக்க நாம் அங்கே இருப்போம்.