கருங்கண்ணிப் பருத்தியும் மரபணு ஆராய்ச்சியும்

பருத்தி என்று ஒரே பெயரால் நாம் சுட்டுவது உண்மையில் ஓர் இனம் அன்று. உலகில் பயிராகும் பருத்தி நான்கு இனங்களைச் சேர்ந்தது. இரண்டு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. மற்ற இரண்டும் ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய பழைய உலகிற்கு உரியவை. திருநெல்வேலிச் சீமையின் கரிசல் நிலத்தில் மானாவாரியாக விளைந்துவந்த கருங்கண்ணி, ‘ஆர்போரியம்’ என்று தாவர நூலார் பெயரிட்டுள்ள நாட்டினத்தைச் சேர்ந்தது. அதற்கு உறவான உப்பம் பருத்தி ‘ஹெர்பேசியம்’ என்னும் மற்றொரு பழைய இனத்தது.

1947-ஆம் ஆண்டில் இந்தியாவின் பருத்தி நிலத்தில் ஏறத்தாழ 97 விழுக்காடு இவ்விரு நாட்டினங்களின் வசமே இருந்தது. இன்று அவற்றிற்கு எஞ்சியிருப்பது மிகச் சிறு பங்கே. 1970-இல் சூரத்தில் ‘எச்-4’ என்னும் வீரிய ஒட்டுப் பருத்தி வெளிவந்தது. 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. ஆலைகளுக்கு நீண்ட இழை வேண்டியிருந்தது. விவசாயிக்கு மிகுந்த விளைச்சல் வேண்டியிருந்தது. ஆகவே மாற்றம் விரைவாக நடந்தேறியது. இதற்காக விவசாயியைக் குறை கூறுவது நியாயமாகாது. விலை கொடுத்து வாங்குவோர் எதைக் கேட்டனரோ அதையே அவர் விதைத்தார்.

‘பாடியில் பருத்தி விளைவதில்லையே, இது நமக்கு எதற்கு?’ என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். கொரட்டூர், அம்பத்தூர் ஏரிகளின் கீழிருந்த வயல்கள் தொழிற்சாலைகளாகவும் குடியிருப்புகளாகவும் மாறியதை நாம் அறிவோம். அந்த வயல்களில் எந்த நெல் விதைக்கப்பட்டது என்று இன்று விசாரித்தால், பெயர் சொல்லும் முதியவர் ஒருவர் அகப்படலாம்; வித்துக் கொடுப்பவர் அகப்படுவது அரிது. மேலும், நமது தறிகளில் ஏறும் பாவும் ஊடையும் எந்த இனப் பஞ்சிலிருந்து வந்தன என்று அறிவது நெசவாளருக்கு அந்நிய விஷயம் அன்று.

வழக்கொழிந்த ஒரு வித்தினால் என்ன பயன் என்பதற்கு நெல்லிலிருந்து ஒரு சான்று காட்டலாம். 1970-களில் ஆசிய நாடுகளில் ‘புல் குட்டை’ என்னும் நச்சுயிரி நோய் புதிய நெல் ரகங்களைத் தாக்கிற்று. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தனர். எதிர்ப்புச் சக்தி இருந்தது ஒன்றே ஒன்றில்தான். அது உத்தரப் பிரதேசத்தில் திரட்டப்பட்ட ‘நிவாரா’ என்னும் காட்டு நெல். அதனுடன் ஒட்டுச் சேர்த்துத் தோன்றிய ‘ஐ.ஆர். 36’ 1976-இல் வெளியாகி, பின்னர் உலகில் மிகப் பரவலாகப் பயிரான நெல் ரகங்களுள் ஒன்றாயிற்று. பருத்தியிலும் இதற்கு நிகரான செய்தி உண்டு. 1990-களில் வடமேற்கு எல்லைப் பகுதிகளில் வெள்ளை ஈ பரப்பிய இலைச்சுருட்டை நச்சுயிரி அமெரிக்கப் பருத்தியை அழித்தபோது, பக்கத்து வயலில் நின்ற நாட்டுப் பருத்திக்கு அந்நோய் வரவில்லை.

அவ்வாறாயின் நாட்டுப் பருத்தியின் எதிர்ப்புச் சக்தியை மற்றதற்கு மாற்றிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் மரபியல் நமக்கு ஒரு தடையைக் காட்டுகிறது. கருங்கண்ணியின் உயிரணுவில் 26 குரோமோசோம்கள் உள்ளன; அமெரிக்கப் பருத்தியில் 52. இரண்டையும் கலந்தால் 39 உடைய செடி பிறக்கிறது. அது பூக்கும்; ஆனால் இணை சேர வழியின்றி மலடாகிவிடும். கால்ச்சிசின் என்னும் மருந்தால் குரோமோசோம்களை இரட்டித்துச் சிலவேளை இத்தடையைக் கடக்கின்றனர். (அம்மருந்து நமது கண்வலிக்கிழங்கிலும் அதன் விதையிலும் உண்டு என்பது சுவையான செய்தி.)

இத்தடையினால் கருங்கண்ணிக்கு ஒரு நன்மையும் உண்டு. அண்டை வயலின் பி.டி. பருத்தி மகரந்தம் அதன் வம்சத்தை எளிதில் கெடுப்பதில்லை. ஆபத்து தன் இனத்திற்குள்ளிருந்தே வரும். முற்காலத்தில் புளிச்சை என்னும் தாழ்ந்த நாட்டுப் பருத்தி கருங்கண்ணியுடன் கலந்து அதன் நற்பெயரைக் கெடுத்தது. அதைத் தடுக்கச் சென்னை மாகாணத்தில் 1932-இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. ஜின்னிங் ஆலையில் விதை கலப்பது மற்றோர் ஆபத்து. கொட்டைகள் ஒரு குவியலாகிவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். மரபணுச் சோதனை பிரித்துக் காட்டும்.

நாகபுரியிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையம் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பருத்தி மாதிரிகளைப் பேணிவருகிறது. புது டெல்லியில் தேசிய மரபணு வங்கி விதைகளை உலர்த்தி, பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரிக் குளிரில் வைக்கிறது. எனினும் விதை என்றென்றும் உயிரோடிராது. அவ்வப்போது விதைத்து, புதிய வித்து எடுக்க வேண்டும். அப்போது நாலைந்து செடிகளிலிருந்து மட்டும் வித்தெடுத்தால் அந்த வகையின் பல்வேறு குணங்களில் சில தொலைந்துவிடக்கூடும். எத்தனை செடி வேண்டும், எந்த இரு மாதிரிகள் பெயரளவில் மட்டும் வேறுபட்டவை, எது உண்மையில் தனித்தது என்பவற்றை மரபணுக் குறியீடுகளைக் கொண்டே இன்று அறிகின்றனர். ஆர்போரியத்தின் மரபணுத் தொகுதி முழுவதும் 2014-இல் வாசிக்கப்பட்டது இதற்குப் பெருந்துணையாயிற்று. ஆனால் தேனீ கொணரும் அயல் மகரந்தத்தைத் தடுக்கும் வேலை இன்னும் கைவேலைதான்: மலராத மொக்கின் நுனியை முந்திய மாலையிலேயே நூலால் கட்டிவிடுகின்றனர்.

நெசவாளர்க்கு மிக நெருங்கிய உதாரணம் டாக்கா மஸ்லின். அதற்கான ‘புட்டி கர்ப்பாஸ்’ என்ற பருத்தியும் ஆர்போரியத்தின் ஒரு வகையே. மேக்னா நதிக்கரையில் விளைந்த அது, மஸ்லின் நெசவு 19-ஆம் நூற்றாண்டில் நசித்தபின் மறைந்துபோயிற்று. அண்மையில் வங்கதேசத்து ஆர்வலர்கள், லண்டன் கியூ தோட்டத்தில் பாதுகாக்கப்பட்ட பழைய உலர்ந்த இலைகளின் மரபணுவை வாசித்து, நாட்டில் தானாக முளைத்திருந்த செடிகளுடன் ஒப்பிட்டனர். ஒரு செடி 70 விழுக்காடு ஒத்திருந்தது. இது பழைய செடியே என்று அடித்துக் கூற முடியாது. நெருங்கிய உறவு என்பதே பொருத்தம். ஆயினும் அதைப் பயிரிட்டு, கையால் நூற்று, மறுபடி மெல்லிய துணி நெய்தனர். நூற்போரும் நெய்வோரும் கிடைப்பதே செடி கிடைப்பதினும் பெரும்பாடாயிற்று. 2020-இல் டாக்கா மஸ்லினுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டது.

கருங்கண்ணியின் நிலை இத்தனை மோசம் அன்று. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் அதைக் கைவிடவில்லை, வித்து இருக்கிறது. இல்லாதது வாங்குவோரே. அதன் இழை குட்டை. பெரிய ஆலையின் வேகமான எந்திரங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஜமக்காளம், துண்டு, போர்வை போன்ற தடித்த துணிகளுக்கு அது போதும். என் அபிப்பிராயத்தில், சிட்டா நூல் வாங்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று, கரிசல் விவசாயிகள் சங்கம் ஒன்றுடன் விதைப்புக்கு முன்பே விலை பேசிச் சில பொதிகளுக்கேனும் ஒப்பந்தம் செய்துகொண்டால், எந்தக் குளிர்ப்பெட்டியும் செய்ய இயலாத காரியம் நடைபெறும். ஆனால் அப்பஞ்சைத் தனியாக அரைத்துத் தனியாக நூற்க வேண்டும். ஜின்னிங் கூலியும் நூற்புக் கூலியும் கூடுதலாகும். அந்தச் செலவை எந்தச் சங்கம் எவ்வளவு ஏற்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்வது நல்லது.

தென்மாவட்டங்களில் உறவினர் உள்ள அங்கத்தினர்கள், அவர்களது வீட்டில் பழைய பருத்திக் கொட்டை இருப்பின் ஒரு கைப்பிடி கேட்டுப் பெறலாம். காகித உறையில் இட்டு, ஊர், வயலின் மண் வகை, விளைந்த ஆண்டு, வீட்டார் வழங்கும் பெயர் ஆகிய நான்கையும் உறையின்மேல் எழுதுதல் வேண்டும். பெயரில்லாத வித்தைச் சோதனைச்சாலைக்கு அனுப்பினால் அது எது என்று சொல்லக்கூடும். எங்கிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது.