ஆன்லைன்ல வாங்கிக்கலாமே, அப்புறம் எப்படி அது தடை?

போன எபிசோடுக்குப் பிறகு நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "ஸ்கூல் லைப்ரரியில ஒரு புத்தகத்தை எடுத்துட்டா என்ன? வெளியில கிடைக்குதே?" நியாயமான கேள்விதான். நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன்.

1975, நியூயார்க் மாநிலம், லாங் ஐலண்ட். ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் மூணு பேர் ஒரு பெற்றோர் அமைப்பின் கூட்டத்துக்குப் போறாங்க. ஆட்சேபத்துக்குரிய புத்தகங்கள்னு ஒரு பட்டியலோட திரும்பி வர்றாங்க. நவம்பர்ல ஒரு ராத்திரி, அதுல ரெண்டு பேர் உயர்நிலைப் பள்ளி லைப்ரரியில தேடிப் பார்த்தா, பட்டியல்ல உள்ள ஒன்பது புத்தகம் அங்கே இருக்கு. கர்ட் வனகட், ரிச்சர்ட் ரைட், லாங்ஸ்டன் ஹ்யூஸ் தொகுத்த கறுப்பின எழுத்தாளர்களின் சிறுகதைகள் எல்லாம் அதுல அடக்கம்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இருந்த ஒரு கமிட்டியை அமைச்சாங்க. சில புத்தகங்களை வைக்கலாம்னு கமிட்டி சொல்லுச்சு. குழு அதைப் பெரும்பாலும் ஒதுக்கிடுச்சு. (கேட்டதே எதுக்குன்னு எனக்குப் புரியல.) 17 வயசு ஸ்டீவன் பிகோவும் இன்னும் நாலு மாணவர்களும் 1977-ல் வழக்கு போட்டாங்க.

1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் லைப்ரரியிலிருந்து புத்தகத்தை அகற்றக் கூடாது என்றார் நீதிபதி பிரென்னன். ஆனா இங்கேதான் சிக்கல். இந்தக் கொள்கையை ஏத்துக்கிட்டவங்க நாலு பேர்தான். ஐந்தாவது ஓட்டு போட்ட நீதிபதி வைட், முதல்ல விசாரணை நடக்கட்டும்னு சொல்லி நிறுத்திக்கிட்டார். அதனால பெரும்பான்மைக் கருத்துன்னு ஒண்ணு உருவாகவே இல்லை. பள்ளிக் குழு விசாரணைக்குப் போகாம புத்தகங்களைத் திருப்பி வெச்சுடுச்சு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆபாசம், கல்விக்குப் பொருந்தாதது என்ற காரணங்களை பிரென்னனே அனுமதித்தார். அப்புறம் யார் "கருத்து பிடிக்கல"ன்னு எழுதி வைப்பாங்க? வாங்காமலே விட்ட புத்தகங்களைப் பற்றி அந்தத் தீர்ப்பு பேசவே இல்லை.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். எதிர்த்து எழுதிய தலைமை நீதிபதி பர்கர் அதையேதான் சொன்னார்: புத்தகக் கடை இருக்கு, பொது நூலகம் இருக்கு, அங்கே போகலாமே.

2025 மே மாதம் டெக்சஸின் லானோ கவுண்டி வழக்கு. இந்தத் தடவை 17 புத்தகங்களை எடுத்தது பொது நூலகத்திலிருந்தே. லைப்ரரியிலிருந்து புத்தகத்தை எடுத்ததை எதிர்த்து, தகவல் பெறும் உரிமையைக் காட்டி வாசகர் பேச்சுரிமை வழக்கு போட முடியாது என்றது ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம். டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூணுக்கும் அதுதான் சட்டம். கிடைக்காதவங்க என்ன பண்றதுன்னும் தீர்ப்புலயே இருக்கு: ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாம், இல்லேன்னா நண்பர்கிட்ட கடன் வாங்கலாம்.