ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் பட்டியல் அமைத்தல்: காவலூர் எடுத்துக்காட்டு

மேற்கோள் பட்டியல் என்பது ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் துணைநின்ற முந்தைய கட்டுரைகள், நூல்கள், தரவுகள் ஆகியவற்றின் விவரங்களை அக்கட்டுரையின் இறுதியில் ஒழுங்குபடத் தரும் பகுதியாகும். உரைக்குள் தரப்படும் சுருக்கமான சுட்டு உரைக்குறிப்பு எனப்படும். ஒவ்வோர் உரைக்குறிப்புக்கும் பட்டியலில் ஒரு பதிவு இருக்க வேண்டும். அதுபோலப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிவும் உரையில் ஓரிடத்திலாவது சுட்டப்பட்டிருக்க வேண்டும்.

இப்பட்டியலின் பயன்கள் இரண்டு. ஒன்று, படிப்பவர் மூலக் கட்டுரையைத் தேடி எடுக்க உதவுவது. மற்றொன்று, கண்டறிந்தவருக்கு உரிய பெருமை சேர்ப்பது. பதிவில் ஓர் எண் பிழைத்தாலும் இவ்விரண்டும் கெடக்கூடும். ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தின் 1977ஆம் ஆண்டு ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

1977 மார்ச் 10 அன்று யுரேனசு கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றது. இந்நிகழ்வைக் காவலூரில் இருந்த 1 மீட்டர் தொலைநோக்கி வழியாக இந்திய வானியற்பியல் மையத்தினர் நோக்கினர். கோளின் வட்டுக்கு வெளியே ஏதோ ஒரு பொருள் விண்மீனின் ஒளியை மறைத்தது அவர்களுடைய பதிவில் தெரிந்தது. அதே நிகழ்வை அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் வானாய்வகம் இந்தியப் பெருங்கடலுக்கு மேலிருந்தும், மற்றொரு குழு ஆத்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்தும் நோக்கின. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது இவ்வாறு தெரியவந்தது.

இம்மூன்று குழுக்களின் கட்டுரைகளும் ‘நேச்சர்’ இதழின் 267ஆம் தொகுதியில் அடுத்தடுத்து வெளிவந்தன. எலியட், டன்காம், மிங்க் ஆகியோரின் கட்டுரை 328ஆம் பக்கத்திலும், பெர்த் குழுவின் கட்டுரை 330ஆம் பக்கத்திலும், ஜெ. சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி ஆகியோரின் காவலூர்க் கட்டுரை 331ஆம் பக்கத்திலும் தொடங்குகின்றன. மூன்றுக்கும் ஆண்டும் தொகுதி எண்ணும் ஒன்றே. எனவே பக்க எண்ணைத் தவறாக எழுதினால், காவலூருக்குச் சேர வேண்டிய மேற்கோள் வேறொரு குழுவின் கட்டுரையைக் காட்டிவிடும்.

பதிவின் உறுப்புகள்

இதழ்க் கட்டுரைக்கான பதிவில் ஆசிரியர் பெயர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், பக்க எண்கள் ஆகியவை இடம்பெறும். எந்த வரிசையில், எந்த நிறுத்தக்குறிகளுடன் எழுதுவது என்பது இதழுக்கு இதழ் மாறும். பொதுவாக வழங்கும் முறைகள் இரண்டு.

பெயர்–ஆண்டு முறை: உரையில் ‘பட்டாச்சார்யா, குப்புசாமி 1977’ என எழுதப்படும். பட்டியல் அகரவரிசையில் அமையும். முதல் ஆசிரியர் ஒருவரே என்றால் இரண்டாம் ஆசிரியரின் பெயர் வரிசையை முடிவு செய்யும். 1977 இறுதியில் பட்டாச்சார்யாவும் பாப்புவும் எழுதிய கட்டுரை (நேச்சர், தொகுதி 270, பக்கம் 503), காலத்தால் பிந்தியதாயினும், ஆங்கில அகரவரிசைப்படி குப்புசாமியுடன் எழுதிய கட்டுரைக்கு முன்னால் வரும்.

எண் முறை: உரையில் 1, 2, 3 என எண்கள் இடப்படும். பட்டியல், உரையில் முதலில் சுட்டப்பட்ட வரிசையில் அமையும். ‘நேச்சர்’ இம்முறையைப் பின்பற்றுகிறது. ஆண்டு பதிவின் இறுதியில் அடைப்புக்குறிக்குள் வரும்.

வானியல் இதழ்கள் சிலவற்றில் கட்டுரைத் தலைப்பையே எழுதாமல் விடுவது வழக்கம். அங்கே படிப்பவருக்குக் கிடைக்கும் முகவரி தொகுதி எண்ணும் முதல் பக்க எண்ணும் மட்டுமே. அவற்றை இருமுறை சரிபார்ப்பது நல்லது.

தலைப்பைத் திருத்தலாகாது

காவலூர்க் கட்டுரையின் தலைப்பு ‘யுரேனசின் ஒரு புதிய துணைக்கோள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடராகும். ஒளியை மறைத்த பொருள் துணைக்கோள் அன்று, வளையமே என்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்காக, மேற்கோள் காட்டுபவர் தலைப்பில் ‘வளையம்’ என்று மாற்றி எழுதக்கூடாது. தலைப்பு அச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும். விளக்கம் தேவையெனில் அதை உரையில் எழுதலாம். காவலூரின் முதல் நோக்கீட்டைக் குறிக்க முதற்கட்டுரையையும், வளையங்கள் என்ற கருத்தைக் குறிக்கப் பாப்புவுடன் எழுதிய பிற்கட்டுரையையும் சுட்டுவதே முறையாகும்.

வானாய்வகத்தின் பெயருக்கும் இதே விதி பொருந்தும். ‘வைணு பாப்பு வானாய்வகம்’ என்னும் பெயர் 1986இல் சூட்டப்பட்டது. ஆகவே 1977ஆம் ஆண்டுக் கட்டுரைகளைத் தேடுபவர் ‘காவலூர்’ என்ற பெயரிலும் தேட வேண்டும்.

பெயர் எழுதும் முறை

தென்னிந்தியப் பெயர்களை மேனாட்டு முறையில் குடும்பப்பெயர், முன்பெயர் எனப் பிரிக்கும்போது குழப்பம் எழுவதுண்டு. தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரையோ ஊரையோ குறிக்கும். குடும்பப்பெயர் என்று ஒன்று இருப்பதில்லை. கே. குப்புசாமி என்பதைக் ‘குப்புசாமி, கே.’ என எழுதினால் சிக்கல் இல்லை. இரு சொற்களாலான பெயர்களில்தான் தடுமாற்றம் வருகிறது.

எம். கே. வைணு பாப்பு இதற்குச் சான்று. ஓ. சி. வில்சனுடன் அவர் 1957இல் வெளியிட்ட கட்டுரை ‘வைணு பாப்பு, எம். கே.’ என்றும், 1977ஆம் ஆண்டுக் கட்டுரை ‘பாப்பு, எம். கே. வி.’ என்றும் பதிவாகின்றன. ஒருவரே இரண்டு பெயர்களில், அகரவரிசையின் இரண்டு இடங்களில் நிற்கிறார். மேற்கோள் காட்டுபவர் அந்தந்தக் கட்டுரையில் அச்சிடப்பட்ட வடிவத்தையே பின்பற்ற வேண்டும்.

‘பிப்டெக்’ மென்பொருளில் காற்புள்ளி இல்லாமல் முழுப்பெயரை எழுதினால் கடைசிச் சொல் மட்டும் குடும்பப்பெயராகக் கொள்ளப்படும். இரு சொற்களும் சேர்ந்து வர வேண்டுமாயின் அவற்றை முதலில் எழுதிக் காற்புள்ளி இட்டு, பிறகு முன்னெழுத்துகளை எழுத வேண்டும். புதிதாக எழுத வருவோர் தம் பெயரின் ஒரே வடிவத்தைத் தொடக்கம் முதல் பயன்படுத்துவதும், 2012இல் தொடங்கப்பட்ட ‘ஆர்சிட்’ அடையாள எண்ணைப் பெற்றுக்கொள்வதும் பயன்தரும்.

அனுப்புமுன் சரிபார்த்தல்

1. இதழின் ‘ஆசிரியர்களுக்கான வழிகாட்டி’யைப் படித்து, அண்மையில் அதில் வெளியான கட்டுரை ஒன்றின் பட்டியலோடு ஒப்பிடுதல்.

2. பிறர் பட்டியலிலிருந்து பதிவை அப்படியே எடுக்காமல் மூலக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்து எழுதுதல். பிறர் செய்த பிழை இவ்வாறே கை மாறிப் பரவுகிறது.

3. ‘டிஓஐ’ எனப்படும் எண்ணிம அடையாளத்தைச் சேர்த்து, அது உரிய கட்டுரையைத்தான் திறக்கிறதா எனப் பார்த்தல். பழைய கட்டுரைகளுக்கும் இவ்வடையாளம் பின்னர் வழங்கப்பட்டுள்ளது.

4. ‘சோட்டெரோ’ போன்ற மென்பொருள் தானாக நிரப்பிய பெயர், பக்க எண் ஆகியவற்றைக் கண்ணால் சரிபார்த்தல்.

5. உரைக்குறிப்புகளையும் பட்டியலையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்து, மிகையானதை நீக்குதல்.