சொல்லுக்குள் சொல்

நுழையும்முன்

சொல் பொருளை உணர்த்தும். சிலவேளை மறைத்தும் வைக்கும். மறைந்த பொருளைத் தேடிக் காண்பதில் மனித மனம் எக்காலத்தும் இன்பம் கண்டுள்ளது. தமிழர் வளர்த்த பிசியும் சித்திரகவியும் சிலேடையும் அவ்வின்பத்தின் வடிவங்கள். இன்று இதழ்களில் இடம்பெறும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்துப் புதிரும் அவ்வழியில் வைத்து எண்ணத்தக்கது. அப்புதிரின் இயல்பையும் அது நல்கும் மொழிப்பயிற்சியையும் செட்டிநாட்டுச் சொற்களின் துணைகொண்டு இப்பாடம் விளக்குகிறது.

பிசி முதல் சித்திரகவி வரை

விடுகதையைத் தொல்காப்பியம் ‘பிசி’ என்னும் பெயரால் சுட்டுகிறது. செய்யுளியலில் இதனை இரு வகையாகப் பகுக்கிறார் தொல்காப்பியர். உவமையின் வழியாகப் பொருளை உணர்த்துவது ஒன்று. தோன்றும் அடையாளத்தைக் கூறி மறைந்ததைத் துணியச் செய்வது மற்றொன்று. விடுகதைக்கு இலக்கணம் வகுக்கும் அளவிற்கு அது மக்கள் வழக்கில் ஊன்றியிருந்தமை இதனால் புலனாகும்.

பின்னர் எழுந்த தண்டியலங்காரம், மிறைக்கவிகள் எனப்படும் சித்திரகவிகளைச் சொல்லணியியலில் தொகுத்துரைக்கிறது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே அமைவது மாலைமாற்று. ஒரு சொல்லில் எழுத்துகளைப் படிப்படியாகக் கூட்டி வெவ்வேறு பொருள் பெறுவது எழுத்து வருத்தனம். குறைத்துப் பெறுவது அக்கரச் சுதகம். பல வினாக்களுக்குரிய விடைகளை இணைத்து ஒரு சொல்லாக்குவது வினாவுத்தரம். ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் மற்றொரு பாட்டு ஒளிந்திருப்பது கரந்துறைச் செய்யுள். ‘சிவகங்கை’ என்னும் சொல்லில் முதலிரண்டு எழுத்துகளை நீக்கினால் ‘கங்கை’ என்னும் ஆறு தோன்றும். மேலும் இரண்டை நீக்கினால் ‘கை’ எஞ்சும். அக்கரச் சுதகத்தின் நெறியை உணர இவ்வெளிய எடுத்துக்காட்டே போதும்.

பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப்புலவர் ஒரே பாட்டில் பாம்பையும் வாழைப்பழத்தையும் பாடினார். ஒரு தொடர் இரு பொருள் தாங்கும் அச்சிலேடைத் திறன் கற்றோரையும் மற்றோரையும் ஒருங்கே ஈர்த்தது.

கட்டங்களில் வந்த புதிர்

இன்று நாம் காணும் குறுக்கெழுத்து, ஆர்தர் வின் என்பவரால் உருவாக்கப்பட்டு 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் வெளிவந்தது. அதில் குறிப்பு நேரடியானது; பொருள் தெரிந்தால் விடை தெரியும். இங்கிலாந்து சென்றபின் அது புதிய வடிவம் பெற்றது. குறிப்பே ஒரு புதிராயிற்று. 1930 பிப்ரவரி 1 முதல் இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் குறுக்கெழுத்தை வெளியிடலாயிற்று. சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’ ஆங்கில நாளிதழில் 1971 முதல் இப்புதிர் இடம்பெற்று வருகிறது. வட அமெரிக்கத் தமிழர்களின் ‘தென்றல்’ இதழ் தமிழிலேயே இவ்வகைப் புதிர்களை வெளியிட்டுள்ளது.

குறிப்பின் உடற்கூறு

மறைகுறிப்பு ஒவ்வொன்றிலும் இரு கூறுகள் உண்டு. ஒன்று, விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ இறுதியிலோ நிற்கும். மற்றொன்று, விடையின் எழுத்துகளைக் கட்டுவதற்கான வழி. இரண்டும் ஒரே தொடராக இழைந்து, மேற்போக்கில் வேறொரு காட்சியைத் தோற்றுவிக்கும். அடைப்பிலுள்ள எண் எழுத்துகளின் தொகையைக் காட்டும்.

“எவ்வளவு உள்ளே சென்றாலும் வெளிச்சம் தரும் முற்றம் (3)” என்பது ஒரு குறிப்பு. செட்டிநாட்டு வீடுகளின் நீண்ட அமைப்பை அறிந்தோர்க்கு இத்தொடர் இயல்பான வருணனையாகவே தோன்றும். ஆயின் ‘எவ்வளவு’ என்னும் சொல்லின் உள்ளே சென்றால் ‘வளவு’ கிடைக்கும். தூண்கள் சூழ, வானம் பார்த்த முற்றத்தோடு அமைந்த பகுதியைச் செட்டிநாட்டார் வளவு என்பர். கரந்துறைச் செய்யுளின் நெறி இங்கு ஒரு சொல்லளவில் நிகழ்கிறது.

“விருந்தினர்க்கு இனிப்பாக வைப்பதிலும் பல உறைப்பு (5)” என்பது இன்னொன்று. உறைப்பு என்பதற்குக் காரம் என்பது பொருள். ‘பல’ என்பதோடு அது சேர, ‘பலகாரம்’ தட்டில் வந்து விழும். “கற்றுக்கொள், மேலே ஏற உதவும் (2)” என்பதற்கு விடை ‘படி’. இது முற்றிலும் சிலேடை.

“உழுது புரட்டி விதைக, விளைவது செய்யுள் (3)” என்னும் குறிப்பில் ‘விதைக’ என்னும் சொல்லின் எழுத்துகளைப் புரட்டினால் ‘கவிதை’ விளையும். ‘செய்’ என்பதற்கு வயல் என்னும் பொருளும் உண்டு என்பதை நினைந்தால் சுவை இரட்டிக்கும். தமிழில் உயிர்மெய் ஒரே எழுத்தாய் ஒரே கட்டத்தில் நிற்பதால், ஆங்கிலத்தைப்போல் உயிரையும் மெய்யையும் தனித்தனியே பிரித்து இடம்மாற்ற இயலாது. ஆகவே எழுத்துமாற்றுக் குறிப்பு அமைவது அரிது, அமைந்தால் இனிது.

ஆர்வலர் உரையாடல்

விடை கண்டதோடு ஆர்வலரின் இன்பம் முடிவதில்லை. கண்டபின் குறிப்பை எடைபோடுவதே அவர்களுக்குப் பெருவிருந்து. “சுவரிற் பூசியதைப் பருகச் சொல்லும் ஊர் (5)” என்னும் குறிப்பைக் கருதுவோம். சுவரிற் பூசுவது காரை, பருகு என்பது குடி, ஊர் காரைக்குடி. கேட்டவுடன் ஒருவர் நகைத்து மகிழ்வார். மற்றொருவர், “இடையிலுள்ள ‘க்’ எங்கிருந்து வந்தது?” என்று வினவுவார். இரண்டாம் வேற்றுமைத் தொகையில் வல்லினம் மிகாது. ‘நீர் குடித்தான்’ என்றே எழுதுகிறோம். அவ்வாறாயின் ‘காரையைக் குடி’ என்னும் பொருளில் ஒற்று மிக இடமில்லை. காரைச் செடியால் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். அப்பெயரிலுள்ள ஒற்றுக்குக் குறிப்பில் கணக்கு இல்லை.

இத்தடை நேர்மையானது. எனவே குறிப்பு இவ்வாறு திருத்தம் பெறலாம்: “சுவர்ப்பூச்சைக் கடந்து ஒற்று வந்தாலும் ‘பருகு’ என்று உபசரிக்கும் ஊர் (5)”. ‘ஒற்று’ என்பது மெய்யெழுத்தையும் குறிக்கும். வேவு பார்ப்பவரையும் குறிக்கும். திருக்குறளின் ‘ஒற்றாடல்’ அதிகாரம் இப்பிற்பொருளுக்குச் சான்று. காரை, ஒற்று, குடி என மூன்றும் வரிசையாக அமைய, வேவுகாரனுக்கும் நீர் தந்து விருந்தோம்பும் ஊரின் காட்சியும் கிடைத்துவிடுகிறது. ஓர் ஒற்றைப் பற்றிய ஐயம் புணர்ச்சி விதியையும் திருக்குறளையும் ஒரே இடத்திற்கு அழைத்து வந்தது.

ஒரு சொல்லுக்கு எப்பொருள் பொருந்தும் என அவை நடுவே ஆராய்வது காரைக்குடிக்குப் புதிதன்று. 1939இல் சா. கணேசன் அங்கு நிறுவிய கம்பன் கழகம், காப்பியச் சொற்களையும் பாத்திரங்களையும் முன்வைத்து வாதிடும் சுவையை மக்களிடம் வளர்த்தது. புதிர் ஆர்வலரின் வழக்காடலும் அத்தகையதே. இருவர் மாறுபட்டு நின்றாலும் தீர்ப்பு வழங்குபவை அகராதியும் இலக்கணமும் ஆகும்.

நல்ல குறிப்பு படிப்பவரைத் திசைதிருப்பலாம், பொய்யுரைக்கலாகாது. இதுவே புதிர் அமைப்போர் ஏற்றுக்கொண்ட அறம். விடை தெரிந்தபின், “இது முன்னரே என் கண்முன் இருந்ததே” என்னும் வியப்புத் தோன்றவேண்டும். ஏமாற்றப்பட்டோம் என்னும் எண்ணம் தோன்றினால் குறிப்பு தோற்றது எனலாம்.

அறிவா, நற்பேறா?

இவ்வறம் மீறப்பட்ட காலமும் உண்டு. 1930களில் ஆனந்த விகடன் உள்ளிட்ட தமிழ் இதழ்கள் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தின. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய போட்டிகள் பெருகின. ஒரு கட்டத்திற்கு இரண்டு மூன்று சொற்கள் சமமாகப் பொருந்த, நடத்துபவர் முத்திரையிட்டு வைத்த சொல்லை ஊகித்தவரே வென்றார். அங்கு அறிவுக்கு வேலை குறைந்தது. பணம் கட்டிக் காத்திருக்கும் ஆசை வளர்ந்தது. இதனைக் கட்டுப்படுத்த 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் நற்பேற்றை நம்பி நடப்பவற்றுக்கே பொருந்தும். பெருமளவு திறமையால் வெல்லும் போட்டிகளுக்குப் பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 1957இல் தீர்ப்பளித்தது.

மறைகுறிப்புப் புதிர் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. இதில் விடை ஒன்றே; அது சரியென்பதைக் குறிப்பே மெய்ப்பிக்கும். ‘வளவு’ என எழுதியவர் பிறர் உறுதிமொழிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு முடிவுக்குத் தானே சான்று காட்டப் பழகிய மனம், எச்செய்தியையும் சான்றின்றி ஏற்கத் தயங்கும். தேடுபொறி நொடியில் விடை தரும் இக்காலத்தில் விடையைப் பெறுவது எளிது. விடைக்கு வந்த வழியை அறிவதே அரிது. அவ்வழியில் நடப்பவர்க்கு நாள்தோறும் வழங்கும் சொற்களும் புதுமுகம் காட்டும்.

தெரியுமா?

இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், இங்கிலாந்தின் ‘டெய்லி டெலிகிராப்’ நாளிதழ் ஒரு குறுக்கெழுத்தை 12 நிமிடங்களுக்குள் தீர்க்கும் போட்டியை நடத்தியது. பங்கேற்றோருள் சிலர் பின்னர்ப் பகைவரின் மறைமொழிச் செய்திகளை ஆராயும் பிளெட்ச்லி பார்க் பணிக்கு அழைக்கப்பட்டனர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பெயரைப் பிரித்து, ஒற்றுக்கும் கணக்குக் காட்டும் மறைகுறிப்பு ஒன்றை உருவாக்குக.

2. உங்கள் பகுதியில் வழங்கும் விடுகதைகளைத் தொகுத்து, தொல்காப்பியர் கூறும் இரு வகைகளுள் அடக்குக.

3. நண்பர் உருவாக்கிய குறிப்பு நேர்மையானதா எனக் காரணங்காட்டி வகுப்பில் கலந்துரையாடுக.