ஃபர்ஸ்ட் குரூப்பா, டிப்ளமோவா: எந்தக் கணக்கு வேகமானது?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: எந்த குரூப்? கணக்கில் தொண்ணூறைத் தாண்டினால் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப். தடுமாறினால் வணிகவியல் உள்ள மூன்றாவது குரூப், இல்லையென்றால் பாலிடெக்னிக். பிள்ளை வாய் திறப்பதற்குள் சித்தப்பாவும் மாமாவும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எந்தப் பாதையில் என்ன கணக்கு, எத்தனை மாதத்தில் நடத்துகிறார்கள் என்று பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

கணக்கை இரண்டு தரமாகப் பிரிப்பது நமக்குப் புதிதல்ல. பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய தலைமுறையைக் கேட்டால் 'காம்போசிட் மேத்ஸ்', 'ஜெனரல் மேத்ஸ்' என்று சொல்வார்கள். இன்று மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு வரை எல்லோருக்கும் ஒரே கணிதம்தான். பிரிவது பிளஸ் ஒன்னில்.

சி.பி.எஸ்.இ.யில் கதை வேறு. கம்பெனி வேலைக்காக வெளிமாநிலங்களிலிருந்து இங்கே குடிவந்த குடும்பங்கள் பெரும்பாலும் நாடுவது அந்தப் பள்ளிகளைத்தான். அங்கே 2020 பொதுத்தேர்விலிருந்து பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு ஸ்டாண்டர்ட், பேசிக் என்று இரண்டு வினாத்தாள்கள். பலர் தவறாக நினைத்திருப்பது இங்கேதான்; உண்மையில் பாடத்திட்டம் இரண்டுக்கும் ஒன்றே, வகுப்பும் ஒன்றே, வினாத்தாளின் கடினம் மட்டுமே மாறுகிறது. பேசிக் எடுத்தால் படிக்க வேண்டிய பாடம் குறையாது. பிளஸ் ஒன்னில் கணிதம் கிடைப்பதுதான் சிக்கலாகும். மூல விதிப்படி பேசிக் எழுதியவர் பிளஸ் ஒன்னில் அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ் எடுக்கலாம், முழுக் கணிதம் எடுக்க முடியாது. கொரோனா காலத்தில் இந்த விதியைத் தளர்த்தி, திறன் இருப்பதாகத் தலைமையாசிரியர் கருதினால் சேர்க்கலாம் என்றார்கள். அந்தத் தளர்வு பின்னரும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் அது சுற்றறிக்கையை நம்பி நிற்கும் சலுகை. இன்ஜினீயரிங் ஆசை துளியாவது இருக்கிற பிள்ளைக்கு ஸ்டாண்டர்டே நல்லது என்பேன்.

மாநிலப் பாடத்திட்டத்துக்கு வருவோம். அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கான பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200. அதில் கணிதத்துக்கு மட்டும் 100, இயற்பியலும் வேதியியலும் தலா 50. கணிதம் இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவருக்கு இந்தக் கணக்கே போட முடியாது. வணிகக் கணிதம் எடுத்தவரும் நுண்கணிதம் படிக்கிறார், ஆனால் இயற்பியலும் வேதியியலும் இல்லாததால் அவருக்கும் இடமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021-இல் வந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அதனுடன் கிடைக்கும் கட்டணச் சலுகையும் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான். பத்தோடு பாலிடெக்னிக் போனால் அந்த வழி அடைபடும்.

அப்படியென்றால் பாலிடெக்னிக் மெதுவான பாதையா? அங்கேதான் ஊர்ப்பேச்சு தலைகீழாகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூவில் இரண்டு ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கும் அணிகள், முக்கோணவியல், வகையிடல், தொகையிடல் ஆகியவற்றில் பெரும்பகுதியை டிப்ளமோ மாணவர் முதல் ஆண்டிலேயே தொட்டுவிடுகிறார். ஆழம் குறைவு, வேகம் அதிகம். "கணக்கு வராது, டிப்ளமோ போட்டுடலாம்" என்று சேர்க்கப்பட்ட பிள்ளை முதல் செமஸ்டரிலேயே கணிதத்தில் அரியர் வைப்பதில் வியப்பென்ன? கணக்குக்குப் பயந்து போகிற இடமல்ல அது. முக்கோணவியலும் இயற்கணிதமும் கைவந்த, ஆனால் மேலும் இரண்டு ஆண்டு பள்ளிப் பெஞ்சில் உட்கார விருப்பமில்லாத பிள்ளைக்குப் பொருத்தமான இடம். மூன்றாண்டு முடித்தால் லேட்டரல் என்ட்ரி வழியே பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்துத் தொழிற்கூடங்களில் கணக்கு எப்படிப் புழங்குகிறது என்பதையும் பார்க்கலாம். கார், லாரி உதிரிபாகம் செய்யும் மெஷின் ஷாப்பில் ஒரு வட்டத் தகட்டில் 100 மில்லிமீட்டர் பி.சி.டி.யில், அதாவது அந்த விட்டமுள்ள கற்பனை வட்டத்தின் மேல், சம இடைவெளியில் ஆறு ஓட்டை போட வேண்டும் என்று வையுங்கள். முதல் ஓட்டை எக்ஸ் 50, ஒய் 0. அடுத்தது 60 டிகிரி தள்ளி: 50-ஐ காஸ் 60-ஆல் பெருக்கினால் 25, சைன் 60-ஆல் பெருக்கினால் 43.301. மூன்றாவதற்கு எக்ஸ் மைனஸ் 25. அந்த மைனஸை விட்டால் டிரில் ஏற்கெனவே போட்ட ஓட்டையிலேயே மறுபடி இறங்கும். பத்தாம் வகுப்பில் அட்டவணையாக மனப்பாடம் செய்த அதே சைன், காஸ்தான். தர ஆய்வுப் பிரிவில் சி.பி.கே. என்று ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்குவார்கள்; சராசரிக்கும் அதற்கு நெருக்கமான அனுமதி எல்லைக்கும் உள்ள தூரத்தைத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கால் வகுத்தால் அது வந்துவிடும். திட்ட விலக்கம் நம் மாநிலப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. ஐந்து மார்க் வினா என்று நினைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டில் கணக்கை வேகமாக ஓட்டும் வழி இன்னொன்றும் உண்டு, ஆனால் அதை யாரும் வேகப் பாதை என்று அழைப்பதில்லை. பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, அந்த ஆண்டே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்குவது. இதைத் தடுக்கத்தான் 2018-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி அந்தத் தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டது. மாணவர்களின் சுமை குறைந்தது சரி. பழைய குறுக்குவழி திரும்புமா என்ற கவலையும் நியாயமே. வகையிடலை நின்று நிதானமாகப் படிக்காத பிள்ளைக்குப் பொறியியல் முதல் செமஸ்டர் கணிதம் கடிக்கும். சேர்க்கைக்குப் போகும்போது பஸ் கட்டணத்தைக் கேட்பதோடு, பிளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை எந்த மாதம் முடிப்பீர்கள் என்றும் கேளுங்கள்.

பிளஸ் டூவோடு வேலைக்குப் போய்விட்டவர்கள் நிலை? 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை நின்றபோது வேலை இழந்தவர்களில் பலர் பிளஸ் டூவோடு லைனில் சேர்ந்த இளம்பெண்கள். இன்றும் சுங்குவார்சத்திரம் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் லைன்களில் அதே வயதுப் பெண்கள்தான். ஆபரேட்டரிலிருந்து டெக்னீஷியனாக ஏறுவதற்கு டிப்ளமோ கைகொடுக்கும். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர்களும், தொழிற்பாடப் பிரிவினரும், இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களும் அதன் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் பள்ளி முடித்ததும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. சேர்ந்தாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பாலிடெக்னிக் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதமே தொடங்கிவிடும். குரூப் கிடைக்குமா என்று பள்ளி வாசலில் காத்திருக்கும் அதே வாரத்தில் அதையும் ஒன்று போட்டு வைக்கலாம்.