லேசான அம்மைதானே... என்று விட்டுவிடாதீர்கள்!

முகத்தில் பொடிப்பொடியாகச் சிவப்புத் தடிப்பு. காதுக்குப் பின்னால் நெறிகட்டி. லேசான ஜுரம். மூணே நாளில் எல்லாம் மறைந்துவிடும். ‘உடம்புச் சூடும்மா, இளநீர் குடி, சரியாயிடும்’ என்பார் மாமியார். நீங்களும் மறந்துபோவீர்கள். மற்ற சமயமானால் தப்பில்லை. ஆனால், நீங்கள் முழுகாமல் இருந்தால்?

அது ரூபெல்லாவாக இருக்கலாம். ஜெர்மன் தட்டம்மை என்றும் சொல்வார்கள். தாயை அதிகம் படுத்தாத இந்த வைரஸ், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைத் தாக்கிவிடும்.

இதை முதலில் கண்டுபிடித்தவர் பிரசவ டாக்டர் அல்ல, ஒரு கண் டாக்டர்! ஆஸ்திரேலியாவின் நார்மன் கிரெக். பிறவியிலேயே கண்புரையோடு வரிசையாகக் குழந்தைகள் வருவதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம். விசாரித்தால், பெரும்பாலான தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா வந்திருந்தது. 78 குழந்தைகளைப் பற்றி 1941-ல் அவர் எழுதினார்.

எந்த மாதத்தில் வருகிறது என்பதுதான் முக்கியம். கண், இதயம், காது எல்லாம் உருவாகும் முதல் 12 வாரங்களில் வந்தால், பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். கருச்சிதைவும் ஆகலாம். நாலாம் மாதத்தில் வந்தால் பெரும்பாலும் காது கேட்காமல் போகும். 20 வாரம் தாண்டிவிட்டால் பாதிப்பு அபூர்வம்.

கர்ப்பிணிக்குத் தடிப்பு வந்தாலோ, தடிப்பு உள்ளவரோடு பழகியிருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். போகும்போது மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராதீர்கள். வாசலிலேயே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள்.

வந்தபின் வைரஸை விரட்ட மருந்து கிடையாது. வருமுன் தடுக்க ஊசி உண்டு. தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய முகாமில் 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்டவர்களுக்குத்தான் போட்டார்கள். அப்போது கல்லூரியில் படித்தவர்கள்தான் இன்று தாயாகிறவர்கள்! ‘எனக்குப் போட்டிருக்கா?’ என்று அம்மாவைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், கல்யாணத்துக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள்.

போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் வேண்டாம். கர்ப்பத்தின்போது போடக்கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால் பயந்துபோய் கருவைக் கலைக்காதீர்கள். அதற்கு அவசியமே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு, தாய்ப்பால் கொடுக்கும்போதும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.