தெரு விளையாட்டுகளும் உத்தி பிரித்தலும்

தமிழகச் சிறுவர் சிறுமியர் தெருவிலும் களத்துமேட்டிலும் கோயில் திடலிலும் ஓடியாடிய நொண்டி, சடுகுடு, கிட்டிப்புள், பாண்டி போன்றவை பொதுவாகத் தெரு விளையாட்டுகள் எனப்படுகின்றன. இவை உடலுக்கு நல்ல பயிற்சி என்பது எல்லோரும் சொல்வதே. ஓடினால் வியர்க்கும், அதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கவனிக்கத் தக்கது வேறொன்று. இருபது பிள்ளைகள் கூடினால் இருபது பேரையும் ஓடவைக்கும் ஏற்பாடு இந்த விளையாட்டுகளின் நடைமுறைக்குள்ளேயே இருந்தது. வல்லவர் நாலு பேர் ஆட, மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பது அங்கே குறைவு.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 2016-ஆம் ஆண்டுத் தரவுகளின்படி உலக அளவில் 11 முதல் 17 வயதுள்ளோரில் 81 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85 விழுக்காடு. ஆகவே விளையாட்டில் கெட்டிக்காரர்களான சில பிள்ளைகள் பதக்கம் வாங்குவதால் இந்தக் குறை தீராது. ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எழுந்து ஓட வேண்டும்.

உத்தி பிரித்தல்

இரண்டு அணியாக ஆடும் விளையாட்டுகளில் ஆளைப் பிரிக்கும் முறைக்கு உத்தி பிரித்தல் அல்லது உத்தி கட்டுதல் என்று பெயர். முதலில் இருவர் தலைவர்களாக நிற்பர். மற்றவர்கள், வயதிலும் வலிமையிலும் ஏறத்தாழத் தமக்குச் சமமான ஒருவரோடு சேர்ந்து இணை இணையாகப் பிரிவர். ஒவ்வொரு இணையும் தோளில் கைபோட்டுக்கொண்டு சற்றுத் தள்ளிப் போய், யார் காதிலும் விழாமல் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொள்ளும். ஒருவன் சிங்கம், மற்றவன் புலி. அல்லது ஒருத்தி மல்லிகை, மற்றவள் முல்லை. பிறகு தலைவர்களிடம் திரும்பி வந்து, "சிங்கம் வேணுமா, புலி வேணுமா?" என்று கேட்பர். ஒரு தலைவர் ஒரு பெயரைச் சொல்ல, அந்தப் பெயருக்குரியவர் அவர் பக்கம் போவார், மற்றவர் எதிர்ப்பக்கம். அடுத்த இணை வரும்போது கேட்கும் முறை மற்றத் தலைவருக்கு.

இதில் நடப்பதைச் சற்று யோசித்துப் பார்க்கலாம். நன்றாக ஓடும் இருவர் ஒரே அணிக்குப் போக வழியில்லை. மெதுவாக ஓடும் இருவரும் ஒரே அணியில் சேர மாட்டார்கள். இரண்டு பக்கமும் தானாகவே சமமாகிறது. தலைவர் கேட்பது ஒரு பெயரைத்தான், ஆளை அல்ல. ஆகவே யாரும் ஒதுக்கப்பட்டதாக ஆவதில்லை. இன்று பல இடங்களில் இரண்டு கேப்டன்கள் மாறி மாறித் தமக்கு வேண்டியவரை அழைத்துக்கொள்கிறார்கள். வேகமானவர்கள் முதலில் போய்விடுவார்கள். கடைசியில் இரண்டு மூன்று பிள்ளைகள் மிஞ்சி நிற்பார்கள்; அவர்களை வேண்டாவெறுப்பாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்குக் கால்வலி வந்துவிடும். உத்தி பிரித்தலைக் கண்டுபிடித்தவர் யாரென்று எந்த ஏட்டிலும் இல்லை. பிள்ளைகளின் மனத்தை நன்றாக அறிந்த பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு வழக்கம் ஒப்புக்குச் சப்பாணி. அண்ணன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த நாலு வயதுக் குழந்தையும் ஆட்டத்தில் உண்டு. அது ஓடலாம், கத்தலாம், பிடிக்கலாம். ஆனால் அது தொட்டாலும் அதைத் தொட்டாலும் கணக்கில் வராது. இப்படி ஓடி ஓடியே ஆட்டத்தின் விதி அதற்குப் பிடிபடும். அடுத்த ஆண்டு கணக்கில் வரும் ஆளாகிவிடும். இந்தப் பெயரும் நொண்டி என்ற பெயரும் உடற்குறை உள்ளவர்களைச் சுட்டும் பழைய சொற்கள். வழக்கத்தை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

சில ஆட்டங்கள்

நொண்டிக்கு ஒரு வட்டமோ சதுரமோ போதும். பிடிப்பவர் ஒற்றைக்காலில் தாவித் தாவி வந்து, இரண்டு காலால் ஓடுபவர்களைத் தொட வேண்டும். தூக்கிய கால் தரையில் பட்டால் ஆட்டம் இழப்பார். தாவும்போது உடலின் முழு எடையும் ஒரு காலில் இறங்குகிறது. வளரும் வயதில் எலும்பு உறுதிப்பட இத்தகைய தாவலும் குதித்தலும் உதவுகின்றன. பாண்டியிலும் இதே தாவல்தான், ஆனால் நிதானமாக. சில்லைக் கட்டத்தில் எறிந்து, கோட்டை மிதிக்காமல் தாவி, குனிந்து எடுத்துத் திரும்ப வேண்டும்.

சடுகுடுவில் மூச்சுதான் கடிகாரம். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனவர், மூச்சு விடாமல் ஆளைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆட்டமிழந்து வெளியே நிற்பவர், தன் பக்கத்தார் எதிரணியில் ஒருவரை வீழ்த்தினால் மீண்டும் உள்ளே வருவார். எனவே வெளியே நிற்பது கொஞ்ச நேரந்தான். இதன் வழிவந்த கபடி 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கப் போட்டியாயிற்று. அணிக்கு 7 பேர், ஆண்களுக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள களம், ஒருமுறை பாடிச் செல்ல 30 விநாடி என்று எல்லாம் வரையறுக்கப்பட்டன. போட்டிக்கு அது தேவை. ஊர்த்திடலில் பன்னிரண்டு பேர் வந்தால் பக்கத்துக்கு ஆறு, பதினெட்டுப் பேர் வந்தால் ஒன்பது. எட்டாவது ஆளை உட்காரவைக்கும் விதி அங்கே கிடையாது.

கிட்டிப்புள்ளில் கிட்டி நீண்ட குச்சி, புள் இருமுனையும் சீவிய சிறு குச்சி. குழியிலிருந்து கிளப்பிய புள்ளைத் தூர அடிப்பவர் ஒருவர். அதைப் பிடிக்க ஓடுபவர்கள் பலர். தூரத்தைக் கிட்டியாலேயே அளப்பர். சில ஊர்களில் தோற்றவர், புள் விழுந்த இடத்திலிருந்து குழிவரை ஒரே மூச்சில் பாடிக்கொண்டு ஓடிவர வேண்டும். தண்டனை என்று பெயர், உண்மையில் அதுவும் பயிற்சி.

குறைகளும் இருந்தன

பழையதெல்லாம் பொன் என்று சொல்வதற்கில்லை. கிட்டிப்புள்ளின் கூர்முனை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பெண்பிள்ளைகள் பூப்பெய்தியதும் தெரு ஆட்டம் நின்றுவிடும். ஊர் இரண்டாகப் பிரிந்திருந்த இடங்களில் திடலும் இரண்டாகத்தான் இருந்தது. உத்தி பிரித்தலின் சமத்துவம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் இவற்றை ஆண்பாலார், பெண்பாலார், இருபாலார் ஆடுவன என்றும், பகலாட்டு, இரவாட்டு என்றும் வகுத்துக் காட்டுகிறார். இரவாட்டு என்றொரு வகையே இருந்தது என்றால், இருட்டிய பிறகும் தெரு பிள்ளைகளுடையதாக இருந்தது என்று பொருள். இன்று அந்தத் தெருவில் பகலிலேயே வண்டிகள் நிற்கின்றன.

பள்ளியில் ஆட

தெரு போனபின் மிஞ்சியிருப்பது பள்ளித் திடல். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருக்கிறது. நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு ஒரு பந்தைக் கொடுத்தால் பத்துப் பேர் ஆடுவார்கள். அதே நேரத்தில் சுண்ணாம்புத் தூளால் நான்கு வட்டம் போட்டு, வட்டத்துக்குப் பத்துப் பேராக நொண்டி ஆடவிட்டால் நாற்பது பேருக்கும் வியர்க்கும். பிடிப்பவரைச் சாபூதிரி போட்டு முடிவு செய்யலாம். ஒருவரே தொடர்ந்து தாவினால் கணுக்கால் வலிக்கும் என்பதால் சற்று நேரத்துக்கொருமுறை ஆளையும், முடிந்தால் காலையும் மாற்றச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தரையைவிட மண்தரை நல்லது. சடுகுடுவுக்கு மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கிவிட வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டால் ஆட்டம் தொடங்குமுன் பாதி உடற்பயிற்சி முடிந்திருக்கும்.